‘எத்தனையாவது?’ என்று கேட்காமல் இருக்கப் பழகிய கதை

ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கேட்க முடியாத கேள்வி ஒன்று தமிழில் இருக்கிறது என்று, உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ‘எத்தனையாவது?’ என்பதே அந்தக் கேள்வி. அன்றைக்கு அதைத் தமிழின் பெருமைகளில் ஒன்றாக எண்ணி நாங்களும் சிரித்தோம். என் மகள் ஓடத் தொடங்கிய பிறகுதான், அந்தச் சொல்லை ஒரு நாளில் எத்தனை தடவை நான் வாயால் கேட்கிறேன், எத்தனை தடவை கண்ணால் கேட்கிறேன் என்பது எனக்குப் பிடிபட்டது.

நாங்கள் திருகோணமலையில், உவர்மலையில் வசிக்கிறோம். நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கணவர் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி முறை வேலை பார்க்கிறார். மகளுக்கு இப்போது 13 வயது. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடத்தில், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் அவள் 100 மீற்றர் ஓடியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். வெறுங்காலோடு ஓடினாள். பாதித் தூரத்தில் பக்கத்துச் சுவட்டில் ஓடிய தன் சிநேகிதியைத் திரும்பிப் பார்த்து, இருவரும் எதற்கோ சிரித்து, அதற்குப் பிறகும் மகள்தான் முதலில் வந்து சேர்ந்தாள். அந்தச் சிரிப்பை நான் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அடுத்த இரண்டு வருடங்களில், ஓடும்போது பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததும், அவள் அதைச் சரியாகக் கற்றுக்கொண்டதும், அந்தக் காணொளியை இன்று பார்க்கும்போதுதான் எனக்கு உறைக்கின்றன.

உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அன்று என்னிடம், “பிள்ளைக்குக் கால் இருக்கு, விட்டிடாதேங்கோ” என்றார். நல்ல மனத்தோடு சொன்ன வார்த்தைதான். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிதாக்கினேன். நம் நாட்டில் பாடசாலை விளையாட்டு ஏணிப்படிபோல அமைந்திருக்கிறது: இல்லம், கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஒவ்வொரு படியிலும் சான்றிதழ் ஒன்று கிடைக்கும். தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது என்பதும் எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். பத்து வயதுப் பிள்ளை வெறுங்காலோடு ஓடிய அந்த ஒரு நாளிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் நான் மனத்துக்குள் கோடு போட்டு முடித்துவிட்டேன். காலையில் அவளை எழுப்பும்போது சுசந்திகா ஜயசிங்கவின் கதையைச் சொல்லுவேன். வறுமையான கிராமத்து வீட்டிலிருந்து போய் 2000 ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரில் வெண்கலம் வென்றதையும், முதலாவதாக வந்தவரின் ஊக்கமருந்து வெளிப்பட்டதால் பின்னர் அது வெள்ளியானதையும் அவள் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பாள். இலங்கைக்கு அந்தப் பதக்கத்துக்கு முன்னர் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் 1948 இல் டங்கன் வைற் வென்றது. அதற்குப் பிறகு இன்றுவரை மூன்றாவது கிடைக்கவில்லை. நாட்டுக்கே இரண்டு பதக்கங்கள்தான் என்ற கணக்கை, பிள்ளையை எழுப்பும் காலை ஐந்தரை மணிக்கு யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நானும் போடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளை நெருக்கும் பெற்றோர் என்றால் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படி ஒருவர் எங்களோடு வருவார். அவருடைய மகன் ஓடும்போது, தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை வேலியோரமாக அவரும் ஓடுவார். பையன் பின்தங்கினால் எல்லோருக்கும் கேட்கும்படி ஏசுவார். மக்கெய்சர் மைதானத்தின் ஓரத்தில் நின்று அவரைப் பார்க்கும்போதெல்லாம், நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொள்வேன். என்னுடைய நெருக்கடிக்குச் சத்தம் இருக்கவில்லை. அது அவித்த முட்டையாக, மார்மைற் கலந்த வெந்நீராக, சீ.ஆர். கொப்பி என்று நாம் சொல்லும் தடித்த மட்டைக் கொப்பி ஒன்றாக வந்தது.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன். நீல மட்டை, உள்ளே சிவப்புப் பேனையால் நான் இழுத்த நான்கு நிரல்கள்: திகதி, தூரம், நேரம், குறிப்பு. கைப்பேசியில் நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தி, செக்கனின் நூறில் ஒரு பங்கு வரைக்கும் எழுதுவேன். கையால் அழுத்தும்போது அழுத்துகிறவரின் விரலே அதைவிட அதிகமாகப் பிந்தும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் 14.62 என்று எழுதும்போது கிடைக்கும் நிறைவு, பதினாலரை போல என்று எழுதும்போது கிடைக்காது. குறிப்பு என்ற நிரலில் ‘சோம்பல்’, ‘கவனம் இல்லை’, ‘இரவு பிந்திப் படுத்தது’ என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். ‘சிரித்தாள்’ என்று ஓரிடத்திலும் இல்லை. அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பழகிய கை வீட்டிலும் பதிவேட்டைத்தான் எழுதும்போலும்.

கொப்பியைவிடப் பாரமானது, வாயால் சொன்ன கணக்கு. ஸ்பைக் சப்பாத்து 14,500 ரூபாய். வெளிப் பயிற்றுநருக்கு மாதக் கட்டணம். அப்பா இந்த மாதம் கூடுதல் நேரம் வேலை செய்தது எதற்காக, அம்மா போன தீபாவளிக்குச் சேலை எடுக்காமல் விட்டது எதற்காக என்பதையெல்லாம், கோபத்தோடு அல்ல, சாதாரணமாகச் சோறு போட்டுக்கொண்டே சொல்லுவேன். பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்பது என் எண்ணம். நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பு என்பதே பாதி இந்தக் கணக்கு வாசிப்புத்தான். எங்கள் அம்மாவும் எங்களுக்கு வாசித்தார். ஆனால் படிப்புக்கு வாசிக்கும் கணக்கு வேறு, விளையாட்டுக்கு வாசிக்கும் கணக்கு வேறு என்பதை நான் யோசிக்கவில்லை. கடன்பட்டவன் கடையடியால் போகும்போது எப்படித் தலையைக் குனிந்துகொண்டு போவானோ, அப்படித்தான் என் மகள் கடைசிக் காலத்தில் பயிற்சிக்குப் போனாள்.

அவளுடைய மனநிலையை நான் அறிந்துகொண்ட விதம் விசித்திரமானது. மைதானத்திலிருந்து வீட்டுக்கு உட்துறைமுக வீதியால் ஸ்கூட்டியில் வருவோம். பின்னால் இருக்கும் பிள்ளையின் முகம் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆகவே நான் முன்னால் பார்த்தபடி காற்றோடு பேசிக்கொண்டு வருவேன்: “என்ன மகள், ஸ்டார்ட்டில பிந்திட்டீங்க? கை ஏன் அப்பிடி விரியுது? அந்தப் பிள்ளை உங்களைவிடக் கட்டை, எப்பிடி முந்தினவ?” பந்தயம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவள் சின்னவளாக இருந்தபோது என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவளுடைய தலைக்கவசம் என் முதுகில் டொக்கென்று இடிக்கும். ஒருநாள், மாகாணப் போட்டிக்குத் தெரிவான பிற்பாடு, தபால் கந்தோர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, பல மாதங்களாக அந்த டொக் சத்தம் கேட்கவில்லை என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் பின்னாலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு, முடிந்த அளவுக்கு என்னிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பார்த்த பிறகும் நான் திருந்தவில்லை என்பதையும் எழுத வேண்டும். பருவ வயது வருகிறது, கூச்சம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திருப்பம் குதிகாலில் வந்தது. மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில், காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது நொண்டினாள். முதலில் நம்பவில்லை, ஓடப் பஞ்சிப்பட்டு நடிக்கிறாள் என்று நினைத்து எண்ணெய் தடவி அனுப்பினேன். ஐந்தாவது நாள் குதிகாலின் இரண்டு பக்கமும் அமுக்கியபோது கத்திவிட்டாள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறிவு ஒன்றும் இல்லை என்றும், வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் பின்பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இன்னும் இறுகாமல் இருக்குமென்றும், எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் ஓடுவதும் பாய்வதும் அளவுக்கு மிஞ்சினால், பின்னங்கால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அந்த இடத்தை இழுத்து இழுத்து நோகச் செய்யுமென்றும் விளக்கினார். அதற்குச் சீவர் நோய் என்று பெயராம். வளர்ந்து எலும்பு இறுகியதும் தானாகவே போய்விடும். ஆனால் இப்போது ஓட்டத்தைக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு நிறுத்த வேண்டும் என்றார்.

எனக்கு நெஞ்சுக்குள் மாகாணப் போட்டி நடக்கவிருந்த கந்தளாய் மைதானம், மாகாணச் சான்றிதழ் எல்லாம் சரிந்தன. அழுவாள் என்று நினைத்து மகளின் தோளில் கை வைத்தேன். அவள் மருத்துவரைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, “டொக்டர், ரெண்டு மாதமா எடுத்தாக் கூடாதோ?” என்று கேட்டாள். கதவுக்கு வெளியே வந்ததும் ஐஸ்பழம் வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். நொண்டிக்கொண்டே, முழங்கை வரை சிவப்பு வழிய, வழி நெடுகப் பாடசாலைக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியாக அவள் அப்படிப் பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு ஒஸ்லோவில் இருக்கும் தங்கையிடம் சொல்லி அழுதேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. அங்குள்ள வழக்கத்தைச் சொன்னாள். நோர்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்று நாடளாவிய விதிகள் இருக்கின்றன. பிள்ளைக்குப் பதினொரு வயதாகும் வருடத்துக்கு முன் புள்ளிப் பட்டியல், தரவரிசை ஒன்றும் வெளியிடக் கூடாது. பதின்மூன்று வயதாகும் வருடத்துக்கு முன் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. அவளுடைய மகன் ஒன்பது வயதில் உதைபந்தாட்டக் குழுவில் ஆடியபோது, தன் குழு எத்தனையாம் இடம் என்று தங்கைக்கே தெரியாதாம். இதைக் கணவரிடம் சொன்னபோது, அப்படி வளர்ந்த பிள்ளைகள் பிறகு எதை வெல்லப் போகின்றன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விடையும் இருந்தது: ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் சனத்தொகை கொண்ட அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களை வென்று முதலிடத்தில் நின்றது. பனியும் பணமும் நிறைந்த நாட்டை நம்மோடு ஒப்பிட முடியாது என்று அவர் சொன்னதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும், பத்து வயதில் பட்டியல் போடாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற எங்கள் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதற்கு அந்த ஒரு நாடு போதும்.

தங்கை அனுப்பியவற்றில் இன்னொன்று என்னை அதிகமாகத் தாக்கியது. அமெரிக்காவின் ஜோர்ஜ் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமாண்டா வீசெக்கும் அவருடைய குழுவினரும், உதைபந்தாட்டம் ஆடும் பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பயிற்றுநர்களிடமும், விளையாட்டில் சந்தோஷம் தருவது எது என்று கேட்டுத் தொகுத்த ஆய்வு அது. 2014 இல் வெளியானது. எண்பத்தொரு காரணிகள் கிடைத்தன. நன்றாக முயன்று ஆடுவது, குழுவில் ஒருவரோடு ஒருவர் நேர்மையாக நடந்துகொள்வது, பயிற்றுநர் மரியாதையோடு நடத்துவது போன்றவை மேலே இருக்க, வெற்றி நாற்பத்தெட்டாம் இடத்தில் கிடந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அது அமெரிக்கப் பிள்ளை, நம் பிள்ளை வேறு என்று நினைத்து, ஒரு கடதாசியைக் கொடுத்து, ஓடுவதில் உனக்குப் பிடித்தவற்றையெல்லாம் எழுதித் தா, அம்மா ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன்.

ஒன்பது விடயங்கள் எழுதியிருந்தாள். போட்டிக்குப் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போவது. ஸ்பைக் மண்ணில் குத்தும் சத்தம். அஞ்சல் ஓட்டத்தில் கோல் கைக்கு வரும் நேரம். நீளம் பாய்ந்த பிறகு மண் தட்டுவது. காலையில் கோட்டைப் பக்கத்து மான்கள் மைதானத்துக்கு வந்து புல் மேய்வது. வெல்வது ஆறாவதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘சில நேரம்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள். ஒன்பதாவதை எழுதிவிட்டு அழிறப்பரால் அழித்திருந்தாள். கடதாசியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பென்சில் அழுந்திய தடம் தெரிந்தது: ‘அம்மா வராத நாள்.’

இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. முதலில் ஸ்கூட்டியில் வாயை மூடினேன். மைதானத்திலிருந்து வீடு வரைக்கும் ஓட்டத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது ஒப்பந்தம். அவள் விரும்பினால் பேசலாம். முதல் கிழமை இருவரும் ஒன்றும் பேசாமல் வந்தோம், அது முன்னைய பேச்சைவிட மோசமாக இருந்தது. சும்மா இருக்கும் அம்மா கோபமாக இருக்கும் அம்மா என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்வாள் என்பது பிறகுதான் புரிந்தது. ஆகவே வேறு கதை பேசப் பழகினேன்: மீன் விலை, மாமியின் முழங்கால், பக்கத்து வீட்டு நாய் போட்ட குட்டிகள். பந்தயத்தைப் பற்றி ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று நா துடித்தால், “உங்களை ஓடப் பார்த்தது சந்தோஷமா இருந்தது” என்பதோடு நிறுத்தினேன். முதல் தடவை சொன்னபோது அவள், “ஏன், என்ன நடந்தது?” என்று பயந்து கேட்டாள்.

கணக்கு வாசிப்பதை நிறுத்துவது அதைவிடக் கடினமாக இருந்தது. கணவரும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: விளையாட்டுக்குச் செலவழிக்கும் பணம், திரும்பி வராவிட்டாலும் மனம் நோகாத அளவுக்கு இருக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனை பூட்டுப் போட்டாலும் வாய் சொல்லிவிடும். அதன்படி வெளிப் பயிற்றுநரை நிறுத்தினோம். உண்மையில் அவரை எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். தோற்ற பிள்ளைகளை அதே வெயிலில் மைதானத்தைச் சுற்றி மேலதிகமாக ஓடவிடுவார். ஓடி முடியும்வரை தண்ணீர் கொடுக்க விடமாட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நேரம் குறைந்துகொண்டு வந்ததால் வாய் திறக்கவில்லை. குதிகாலுக்கு அவர் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். கொப்பி எழுதியவள் நான்.

ஓய்வு விடயத்தில் அமெரிக்கச் சிறுவர் மருத்துவர் கழகம் 2016 இல் வெளியிட்ட ஆலோசனையைப் பின்பற்றுகிறோம். கிழமையில் ஒன்றிரண்டு நாள் அந்த விளையாட்டிலிருந்து முழு ஓய்வு. வருடத்தில், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, மொத்தம் மூன்று மாதம் விடுமுறை. பதினைந்து, பதினாறு வயதுக்கு முன் ஒரே விளையாட்டில் மட்டும் பிள்ளையைக் கட்டிப்போடக் கூடாது என்பது அதன் சாரம். திருகோணமலையில் இதற்கு இயற்கையே இடம் வைத்திருக்கிறது. நவம்பர், டிசம்பரில் வாடைமழை கொட்டும்போது மைதானம் குளமாகிவிடும். முன்பெல்லாம் அந்த நாட்களில் அவளை வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்க வைப்பேன், இப்போது விட்டுவிடுகிறேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: மழை விட்ட கையோடு வருடத் தொடக்கத்தில் இல்லப் போட்டிகள் வந்துவிடுவதால், ஓய்ந்திருந்த பிள்ளைகளை இரண்டு மூன்று வாரத்துக்குள் பந்தயத்துக்குத் தயாராக்கப் பார்ப்பார்கள். அந்த வாரங்களில்தான் அதிகமாகக் கால் பிடிக்கிறது. ஆகவே, மெதுவாகத் தொடங்க அனுமதிக்கும்படி வகுப்பாசிரியைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். அதேபோல, ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று அடிக்கும் மத்தியானங்களில் மைதானத்து மண்ணே கொதிக்கும். அப்போது காலை ஏழு மணிக்கு முன், அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குப் பின் என்று வரையறுத்திருக்கிறோம். நிறுத்தியிருந்த வலைப்பந்தாட்டத்துக்குத் திரும்பவும் போகிறாள். அதில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. அதனாலோ என்னவோ அங்கே அதிகமாகச் சிரிக்கிறாள்.

பார்க்கும் இடத்தையும் மாற்றினேன். முடிவுக் கோட்டில் நிற்கும் தாயின் முகத்தைப் பிள்ளை ஓடிவரும்போதே பார்த்துவிடும்; அந்த முகம் ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகுவது என்னால் ஆகாத காரியம். எனவே பந்தயங்களுக்கு மரநிழலில், தொடக்கக் கோட்டுப் பக்கம் நிற்கிறேன். அங்கிருந்து பார்த்தால் முதுகுகள் மட்டுமே தெரியும்; யார் முந்தினார்கள் என்று தெரியாது. பெரிய போத்தல் நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய் யார் வந்து கேட்டாலும் கொடுக்கிறேன். வேலியோரம் ஓடுவாரே, அந்த அப்பா ஒருநாள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். தன்னுடைய பதினைந்தாவது வயதில், 1990 இல், யுத்தத்தால் ஊரை விட்டு ஓடியபோது மாகாணப் போட்டிக்கென்று வாங்கிய சப்பாத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரைப் பற்றி மனத்துக்குள் கட்டிவைத்திருந்த தீர்ப்புகளை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் அவருக்கு இன்னொரு கோப்பை வார்த்தேன். இப்போதும் அவர் கத்துகிறார். ஆனால் மற்றப் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துக் கத்துகிறார்.

எங்கள் அலுவலகச் சுவரில் சிறுவர் உரிமைச் சுவரொட்டி ஒன்று பல வருடமாகத் தொங்குகிறது. 1989 இல் உருவாகி, 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை, ஓய்வும் ஓய்வு நேரமும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. தினமும் அதன் கீழே நின்று கையொப்பம் இட்டவள் நான். ஓய்வு என்ற சொல் விளையாட்டு என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பதைக் குதிகால் நொந்த பிறகுதான் வாசித்தேன்.

கொப்பியை அவளிடமே கொடுத்துவிட்டேன். எரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். குறிப்பு நிரலை மட்டும் வெள்ளை மையால் அழித்துவிட்டு அதில் தானே எழுதுகிறாள். சில நாள் நேரத்தை எழுதுவதில்லை, குறிப்பு மட்டும் இருக்கும். ‘இண்டைக்கு ஏழு மான்’ என்பது ஒரு குறிப்பு. நான் கேட்காமல் திறப்பதில்லை. ஒரு தடவை திறந்தேன், அதற்கு மன்னிப்பும் கேட்டேன். பயிற்சிக்குப் போவதா இல்லையா என்பதை அவளே முடிவு செய்கிறாள். முதல் இரண்டு மாதம் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் போகவில்லை; அந்த இரண்டு மாதமும் எனக்கு நித்திரை இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை டச்பே கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போன இடத்தில், மச்சாள் பிள்ளைகளோடு ஈர மணலில் ஓட்டப்பந்தயம் வைத்து, பாதியில் திரும்பிப் பின்னால் வந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த திங்கட்கிழமை தானாகவே எழுந்து சப்பாத்தை எடுத்தாள்.

இந்த வருட வலயப் போட்டி நடந்த நாளில் அலுவலகத்தில் கணக்காய்வு. என்னால் போக முடியவில்லை. பின்னேரம் ஏற்றப் போனேன். உட்துறைமுக வீதியில் இரண்டாவது வேகத்தடையில் தலைக்கவசம் முதுகில் இடித்தது. மீன் விலை பேசினேன். வீட்டுப் படலையைத் திறக்கும் முன்பே பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, எத்தனையாவது?” என்று கேட்டார். எனக்கும் காது நீண்டது.

“எட்டுப் பேர் ஓடினம் அன்ரி, எல்லாரும் வந்து சேர்ந்திட்டம்” என்றாள் மகள்.

அன்ரிக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சாவியைத் தேடுவதுபோல் கைப்பைக்குள் குனிந்துகொண்டேன். அன்று இரவும் மறுநாள் முழுவதும் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வலயத்தில் வேலை செய்யும் சிநேகிதியின் இலக்கத்தை ஒரு தடவை கைப்பேசியில் எடுத்தும்விட்டு, பின்னர் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் இரவு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், “நாலாவது அம்மா. ஸ்டார்ட்டில பிந்திட்டன், ஆனா கடைசி இருபது மீற்றர் பறந்தன்” என்றாள். பிறகு கோப்பையை நீட்டி, சொதி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.